சிறுவயது கேம் வரிசைகளுக்குத் திரும்பும்போது பழைய விதிகளோடுதான் விளையாட வேண்டுமா?

பழைய_கார்ட்ரிட்ஜ் (இழையைத் தொடங்கியவர்)

சின்ன வயதில் உயிராக இருந்த கேம் வரிசைகளை இப்போது மறுபடி எடுத்து விளையாடுபவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். திரும்பிப் போகும்போது அந்த கேமை அதன் பழைய கண்ட்ரோல், பழைய சேவ் முறை, பழைய கஷ்டம் எல்லாவற்றோடும் விளையாடுகிறீர்களா? இல்லை, இன்றைய வசதிகளைப் போட்டுக்கொள்கிறீர்களா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய விதிகளோடுதான் விளையாட வேண்டும். ஏன் என்பதற்கு டூம் ரைடர் வரிசையை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் பாகம் 1996-ல் வந்தது. முதல் மூன்று பாகங்களையும் சேர்த்து 2024 பிப்ரவரியில் ஆஸ்பைர் நிறுவனம் ரீமாஸ்டராக (பழைய கேமையே மெருகேற்றி) வெளியிட்டது. அதில் இரண்டு வகை கண்ட்ரோல் இருக்கிறது. பழையதை 'டேங்க்' என்பார்கள். இடது, வலது அழுத்தினால் கதாநாயகி லாரா நின்ற இடத்திலேயே திரும்புவாள். மேலே அழுத்தினால் அவள் முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போவாள். புதியது 'மாடர்ன்'. கண்ட்ரோலரின் குச்சியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் ஓடுவாள். இன்றைய கேம்களில் பழகிய கைக்கு மாடர்ன்தான் சுலபம் என்று தோன்றும். ஒரே லெவலை இரண்டிலும் விளையாடிப் பாருங்கள். டேங்கில்தான் அந்த கேம் உயிரோடு இருக்கிறது.

காரணம் இதுதான். அந்த கேமின் உலகம் முழுக்கச் சதுரக் கட்டங்களால் ஆனது. நின்ற இடத்திலிருந்து தாவினால் லாரா ஒரு கட்டம் தாண்டுவாள். ஓடித் தாவினால் இரண்டு கட்டம். ஓடித் தாவி எதிர் விளிம்பைக் கையால் பிடித்தால் மூன்று. இது ஒவ்வொரு முறையும் மாறாது. நடக்கும் பொத்தானைப் பிடித்தபடி விளிம்புக்குப் போனால் அவள் விழமாட்டாள், நின்றுவிடுவாள். அங்கிருந்து ஒரு முறை பின்னால் குதித்தால், ஓடித் தாவுவதற்குத் தேவையான தூரம் சரியாகக் கிடைத்துவிடும். அப்படியென்றால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு கணக்கு. பார்த்து, எண்ணி, முடிவு செய்து, அப்புறம் தாவ வேண்டும். கண்ட்ரோலும் தளமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால், கணக்காக இருந்தது குத்துமதிப்பாகிவிடுகிறது. 'இந்த கேம் இவ்வளவு மோசமாகவா இருந்தது' என்று பலர் எழுதுவதைப் பார்க்கிறேன். அவர்கள் பாதி கேமைத்தான் விளையாடியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறுவயதில் அந்த கேமில் என்னைப் பயமுறுத்தியது அதன் அமைதி. பெரும்பாலான நேரம் இசையே கிடையாது. காற்றும் காலடிச் சத்தமும்தான். மூன்றாவது லெவலில் பெரிய பள்ளத்தாக்கில் டைனோசர் வரும்போது மட்டும் சட்டென்று இசை எழும். அன்றைக்கு ஓடி ஒளிந்த அதே இடத்தில் இன்றைக்கு எனக்குக் கிடைப்பது ஆழ்ந்த நிம்மதி. யாரும் காதில் குறிப்பு சொல்வதில்லை, வரைபடத்தில் அம்புக்குறி கிடையாது. ஒரு பெரிய மண்டபத்தில் தனியாக நின்று 'இங்கே எப்படி மேலே ஏறுவது' என்று யோசிக்க விடுகிறது. வளர்ந்த பிறகு இப்படி ஒரே விஷயத்தை யோசிக்கக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன். ரீவைண்ட் (ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டித் தவறை அழிப்பது), எந்த இடத்திலும் சேவ், கையோடு ஒரு வழிகாட்டி வீடியோ என்று வைத்துக்கொண்டு வேகமாக முடித்தால் அது திரும்பிப் போனதாகுமா? உங்கள் வரிசை எது, என்ன செய்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று எழுதுங்கள். கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

---

பிக்சல்_பித்தன்

நல்ல இழை. நீங்கள் கண்ட்ரோலைச் சொன்னீர்கள், நான் திரையைச் சொல்கிறேன்.

'நினைவில் அழகாக இருந்தது, இப்போது பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. நினைவு ஏமாற்றிவிட்டது' என்று ஒரு பேச்சு உண்டு. நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. பல கேம்கள் அன்றைக்கு உண்மையிலேயே அழகாகத்தான் தெரிந்தன. 1991-ல் வந்த முதல் சோனிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓடிய மெகா டிரைவ் கன்சோலில் நிறங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒளி ஊடுருவும்படி காட்டும் வசதி சரியாகக் கிடையாது. அதனால் முதல் லெவலின் அருவியை மெல்லிய செங்குத்துக் கோடுகளாக, ஒரு கோடு விட்டு ஒரு கோடு வரைந்தார்கள். பழைய டியூப் டிவியில், மஞ்சள் நிற வீடியோ கேபிள் வழியாகப் போகும்போது அந்தக் கோடுகள் பக்கத்து நிறத்தோடு கலங்கி ஒன்றாகிவிடும். அருவிக்குப் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும், நிஜத் தண்ணீர் மாதிரி. அதே கேமை இன்றைய எல்இடி திரையில் போட்டால் கம்பி வேலி போட்டது போல இருக்கும். வரைந்தவர்கள் தங்கள் முன்னால் இருந்த டிவியை மனதில் வைத்து வரைந்தார்கள். நாம் வேறு கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓவியத்தைக் குறை சொல்கிறோம்.

வேகமும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை படம் மாறும்) டிவி இருந்த நாடுகளில் வளர்ந்தவர்கள் பலர், 60 ஹெர்ட்ஸுக்காக எழுதப்பட்ட கேம்களைச் சுமார் 17 சதவீதம் மெதுவாக விளையாடியிருக்கிறார்கள். இசையும் சேர்ந்தே இழுக்கும். அவர்கள் இன்றைக்கு 60 ஹெர்ட்ஸ் பதிப்பை எடுக்கும்போது 'என்ன இது, இவ்வளவு வேகமாகப் போகிறது, வயதாகிவிட்டதா' என்று நினைக்கிறார்கள். கேம்தான் வேகமாகியிருக்கிறது. 2018-ல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சின்ன கன்சோலில் சில கேம்களுக்கு அந்த 50 ஹெர்ட்ஸ் பதிப்பையே போட்டுவிட்டார்கள். வேகமான பதிப்பில் வளர்ந்தவர்கள் பெட்டியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்கள். எத்தனை வருடமானாலும் விரல்கள் அந்தத் தாளத்தை மறப்பதில்லை.

அப்புறம் ஒரு நடைமுறை விஷயம். டியூப் டிவி சிக்னல் வர வர வரைந்துகொண்டே போகும். இன்றைய டிவி முதலில் படத்தை வாங்கி, மெருகேற்றி, அதன் பிறகுதான் காட்டும். அந்த இடைவெளியில் உங்கள் தாவல் தாமதமாகிவிடும். பழைய மாரியோ, மெகா மேன் போன்றவற்றில் திடீரென்று கை வரவில்லை என்றால், டிவியில் 'கேம் மோட்' போட்டுவிட்டு மறுபடி முயன்று பாருங்கள். எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளில்) விளையாடுபவர்கள் டியூப் டிவி போலக் காட்டும் சிஆர்டி ஷேடர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு அலங்காரமாகச் சொல்லவில்லை. படம் முழுமையாவதே அதில்தான்.

---

சேவ்பாயிண்ட்

பழைய_கார்ட்ரிட்ஜ், டூம் ரைடர் பற்றி நீங்கள் எழுதியது அருமை. ஆனால் உங்கள் முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பழைய கஷ்டம் எல்லாமே புனிதமானதா? அன்றைய கேம்களில் பாதிக் கஷ்டம் ஆர்கேடிலிருந்து, அதாவது காசு போட்டு விளையாடும் இயந்திரங்களிலிருந்து, வந்தது. அங்கே நீங்கள் சீக்கிரம் சாக வேண்டும்; அப்போதுதான் அடுத்த நாணயம் விழும். வீட்டு கன்சோலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கூடவே இடப் பற்றாக்குறை. முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். மேகத்துக்கு வரைந்த படத்தையே நிறம் மாற்றிப் புதராக வைத்திருக்கிறார்கள், அவ்வளவு நெருக்கடி. அத்தனை சின்ன கேமை மாதக்கணக்கில் விளையாட வைக்க ஒரே வழி, செத்தால் முதலிலிருந்து தொடங்கு என்பதுதான். அந்த வயதில் நமக்கு நேரம் கொட்டிக் கிடந்தது, செய்துகொண்டிருந்தோம்.

கேம் செய்தவர்களுக்கே அந்தக் கஷ்டம் தாங்கவில்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது. மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ. இது தெரியாதவர் யார்? 1986-ல் கிரேடியஸ் கேமை ஃபேமிகாம் கன்சோலுக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது தன்னாலேயே முடிக்க முடியவில்லை என்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. கான்ட்ராவில் அதுவே முப்பது உயிர் கொடுத்தது. முப்பது உயிரோடு கான்ட்ராவை முடித்தவர்களைப் பார்த்து 'நீங்கள் நிஜமாக விளையாடவில்லை' என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைய ரீவைண்ட் பொத்தான் அதன் பேரப்பிள்ளைதான்.

என் நிலைமை இது. வேலை, குழந்தைகள், வீடு எல்லாம் அடங்கிய பிறகு கிடைக்கும் சின்ன இடைவெளியில் விளையாடுகிறேன். முதல் ஐந்து லெவலை மறுபடி மறுபடி விளையாடினால் கடைசி லெவலைப் பார்க்கவே மாட்டேன். ரீவைண்ட் இருப்பதால்தான், சிறுவயதில் ஒருபோதும் எட்ட முடியாத கடைசிக் கட்டங்களைப் பார்த்தேன். எனக்கு அது பெரிய சந்தோஷம். அந்த இசையையும் அந்தக் கடைசி பாஸையும் (பெரிய எதிரியையும்) யாரோ எனக்காகவும்தானே செய்து வைத்திருந்தார்கள்!

உடம்பையும் கணக்கில் எடுங்கள். 2014-ல் ப்ளோஸ் ஒன் இதழில் ஓர் ஆய்வு வந்தது. 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டக்காரர்களின் பதிவுகளை வைத்து, கண்ணில் பட்டதற்குக் கை எதிர்வினை காட்டும் வேகம் 24 வயதிலேயே குறையத் தொடங்குகிறது என்று கண்டார்கள். நாமெல்லாம் அதைத் தாண்டி வந்தவர்கள். மணிக்கட்டு வலி உள்ளவர்களும் இங்கே இருக்கிறார்கள். பழைய விதிகளோடுதான் விளையாட வேண்டும் என்றால் அவர்களுக்குக் கதவை அடைத்தது போலாகும்.

---

பழைய_கார்ட்ரிட்ஜ்

சேவ்பாயிண்ட், மணிக்கட்டு வலி உள்ளவருக்கு எந்த உதவியும் தகும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆர்கேட் நாணயக் கஷ்டமும் தவறான கஷ்டம்தான்.

நீங்கள் சொன்ன ஆய்வின் அடுத்த பாதி இன்னும் சுவாரசியம். வயது கூடியவர்கள் வேகத்தில் இழந்ததை வேறு விதத்தில் ஈடுகட்டுகிறார்கள் என்றும் அதில் இருக்கிறது. விசைப்பலகையின் குறுக்கு விசைகளை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள், செய்வதை எளிமையாக வைத்துக்கொள்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். பத்து வயதில் நான் விரலால் விளையாடினேன். இப்போது எதிரி எந்த ஒழுங்கில் வருகிறான் என்று கவனித்து, நிற்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே நிற்கிறேன். அந்தக் கவனிப்பு வளர்ந்ததே நாம் பெற்ற லாபம். ஒவ்வொரு தவறையும் ரீவைண்ட் உடனே அழித்துவிட்டால் அந்த ஒழுங்கைக் கவனிக்கவே தோன்றாது. ஒரு லெவலைத் தப்பித்து வருவதும் அந்த லெவலைத் தெரிந்துகொள்வதும் வேறு வேறு.

1989-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை நினைத்துப் பாருங்கள். மொத்தம் அறுபது நிமிடம், அதற்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் கடிகாரத்தை நிறுத்திவிட்டால் அது வெறும் ஓட்டமும் தாவலும். கடிகாரம் இருப்பதால்தான் 'இந்த மருந்துக் குப்பிக்காக ஒரு நிமிடம் செலவு செய்யலாமா' என்ற கேள்வி வருகிறது. கண்ணாடியிலிருந்து பிரிந்து போன நிழலோடு கடைசியில் சண்டை வருமே, அவனைக் குத்தினால் நமக்கும் வலிக்கும். வாளை உறையில் போட்டால்தான் இருவரும் ஒன்றாவார்கள். சிறுவயதில் இது புரியாமல் வாளைச் சுழற்றிக்கொண்டே இருந்தவர்கள் எத்தனை பேர்! திணறித் திணறி, ஒரு கட்டத்தில் நாமே வாளைக் கீழே இறக்கும் அந்த நொடிக்காகத்தான் ஜோர்டான் மெக்னர் அதை அப்படி வைத்திருக்கிறார். வழிகாட்டி வீடியோ பார்த்து வருபவருக்கு அந்த நொடி கிடைக்காது.

---

மெமரிகார்டு_எட்டு

நீங்கள் எல்லோரும் விதிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். திரும்பிப் போக இடமே இல்லாத கதை என்னுடையது.

என் வரிசை, விதவிதமான உயிரிகளைப் பிடித்து வளர்க்கும் போக்கிமான். கேம் பாய் காலத்து கார்ட்ரிட்ஜ்களில் சேவ் விவரங்கள் ஒரு சின்ன பொத்தான் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கும். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு. கோல்ட், சில்வர் பாகங்களில் கேமுக்குள்ளேயே கடிகாரமும் ஓடுவதால் அவை இன்னும் சீக்கிரம் தீர்ந்தன. நான் என் சில்வரைப் பல வருடம் கழித்துப் போட்டபோது 'புதிய ஆட்டம்' என்ற வரி மட்டும்தான் இருந்தது. முதல் கேமிலிருந்து கேபிள் வழியாகக் கொண்டுவந்த சாரிசார்ட், பெயர் வைத்து வளர்த்த மற்ற ஐந்தும், எதுவும் இல்லை. பெரியவனாகி ஒரு விளையாட்டுக்காக அழுவேன் என்று நினைத்ததில்லை, அன்று அழுதேன்.

இதில் ஒரு சோகமான எல்லைக்கோடு இருக்கிறது. கேம் பாய் அட்வான்ஸில் வந்த ரூபி, சஃபையர் பாகங்களிலிருந்து ஒரு சங்கிலி தொடங்குகிறது. அங்கே பிடித்ததை அடுத்த கைக்கருவியான டிஎஸ்ஸுக்கும், அங்கிருந்து 3டிஎஸ்ஸின் போக்கிமான் பேங்க் என்ற ஆன்லைன் சேமிப்பு வழியாக இன்றைய போக்கிமான் ஹோம் வரைக்கும் கொண்டு வரலாம். அப்படிக் கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த கார்ட்ரிட்ஜ்களில் சேவ் பேட்டரியை நம்பியும் இல்லை. பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் மட்டும் நிற்கும். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு தலைமுறை கார்ட்ரிட்ஜ்களில் இருந்தவற்றுக்கு அந்தப் பாலம் போடப்படவே இல்லை. பழைய கார்ட்ரிட்ஜில் இன்னும் உங்கள் சேவ் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து சேவை நகலெடுக்கும் சின்னக் கருவிகள் கிடைக்கின்றன. முதலில் நகல், அப்புறம் பேட்டரி மாற்றுவது. இதை முன்பின்னாகச் செய்தால் பேட்டரியைக் கழற்றும்போதே சேவ் அழிந்துவிடும்.

கதைகளைப் பற்றியும் ஒன்று. ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐ 1997-ல் விளையாடியபோது பாரெட் எனக்கு வெறும் கோபக்காரன், கையில் துப்பாக்கி, அவ்வளவுதான். இப்போது விளையாடும்போது அவன் வளர்ப்பு மகள் மார்லினை விட்டுவிட்டு ஒவ்வொரு முறை கிளம்பும் காட்சியிலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவன் குழு வெடி வைத்த ரியாக்டரைச் சுற்றி மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதும் அன்றைக்கு உறைக்கவில்லை. பிற்பாதியில் அவனே அதைப் பற்றிப் பேசும் இடம் வருகிறது. சிறுவனாக அந்த வசனங்களைப் பொத்தானை அழுத்தி ஓட்டிவிட்டிருப்பேன் போலிருக்கிறது. ஒரு வசனம் மாறவில்லை. ஆனால் எனக்கு முற்றிலும் புதிய கேம்.

---

தூங்காத_டெஸ்டர்

கேம் சோதிக்கும் வேலையில் சில காலம் இருந்தவன் என்பதால் ரீமேக் (பழைய கேமை அடியிலிருந்து புதிதாகச் செய்வது), ரீமாஸ்டர் பக்கம் பேசுகிறேன்.

பழைய கேமில் 'குறை' என்று தெரிவது எது, கேமைத் தாங்கி நிற்பது எது என்று பிரிப்பதுதான் இதில் மிகக் கடினம். 1999-ன் சைலன்ட் ஹில்லில் மூடுபனி ஏன் வந்தது? முதல் பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருவை வரைய முடியாது. அதை மறைக்கப் பனியும் இருட்டும் போட்டார்கள். அந்தப் பனியே கேமின் பயமாகிவிட்டது. பல வருடம் கழித்து, முழுமையான மூலநிரல் கையில் இல்லாமல் 2012-ல் செய்த எச்டி பதிப்பில் இரண்டாம் பாகத்தின் பனி மெலிந்து போய், யாரும் பார்க்கக்கூடாத உலகத்தின் விளிம்புகள் வெளியே தெரிந்தன. 2024-ல் ப்ளூபர் டீம் செய்த ரீமேக்கில் இயந்திரத்துக்குப் பனி தேவையே இல்லை. இருந்தும் கவனமாக, அழகாகப் பனியை மறுபடி கொண்டுவந்தார்கள். எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸும் இதே கதைதான். 2004-ல் அந்த ஆரஞ்சுப் புழுதியும் வெப்ப மங்கலும்தான் அந்த நிலப்பரப்பை ஒரு முழு மாநிலமாக நம்ப வைத்தன. 2021-ன் டெஃபினிட்டிவ் பதிப்பில் வானத்தைத் துடைத்துவிட்டார்கள். மலை உச்சியில் நின்றால் தூரத்தில் இருக்க வேண்டிய நகரம் பக்கத்திலேயே தெரிந்தது. சிறுவயதில் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிப் போன தூரம் உள்ளங்கை அளவு. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பர் அப்டேட்டில் பழைய ஒளியமைப்பை ஒரு தேர்வாகத் திரும்பக் கொடுத்தார்கள். அதைப் போட்டுவிட்டுப் பாருங்கள், மாநிலம் மறுபடி பெரிதாகும்.

க்ராஷ் பாண்டிகூட் விளையாடுபவர்களுக்கு ஒரு ஆறுதல். 2017-ன் மூன்று பாகத் தொகுப்பில் தாவல்கள் கஷ்டமாக இருக்கின்றன, கைப்பழக்கம் போய்விட்டது என்று வருந்துகிறீர்களே, அதில் பாதி உங்கள் கையில் இல்லை. மூன்று பாகங்களுக்கும் மூன்றாம் பாகத்தின் அசைவையே அடிப்படையாக வைத்தார்கள். போதாததற்கு, மோதலைக் கணக்கிடும் உருவம் மாத்திரை போல வட்டமாக இருப்பதால் க்ராஷ் விளிம்பில் கால் வைத்ததும் வழுக்குகிறான். முதல் பாகத்தின் பாலங்கள் அந்த வழுக்கலுக்காகக் கட்டப்பட்டவை இல்லை. செய்தவர்களே இந்த மாற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள்.

எனவே பழைய_கார்ட்ரிட்ஜ் பக்கம்தான் நான் அதிகம் சாய்கிறேன். அதே நேரம் மாற்றமே கூடாது என்றும் சொல்லமாட்டேன். செல்டா வரிசையின் ஒக்கரினா ஆஃப் டைமில் தண்ணீர்க் கோயில் நினைவிருக்கிறதா? இரும்புக் காலணியைப் போட, கழற்ற, ஒவ்வொரு முறையும் கேமை நிறுத்தி மெனுவுக்குள் போக வேண்டும். 2011-ன் 3டிஎஸ் பதிப்பில் அதைத் தொடுதிரையில் ஒரு பொத்தானாக்கினார்கள். கோயிலின் புதிர் அப்படியே இருக்கிறது, மெனுவுக்குள் போகும் அலைச்சல் மட்டும் போனது. இதைத் தவறென்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

---

இரண்டாவது_கண்ட்ரோலர்

நான் இந்த இழைக்குப் பொருத்தமானவளா என்று தெரியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கண்ட்ரோலர் எப்போதும் அண்ணன் கையில்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே சாவி இருக்கிறது, எந்தச் சுவரில் விரிசல் இருக்கிறது என்று சொல்பவள். ஆக, எனக்கு நினைவில் இருப்பது பார்த்த கேம்கள்தான், விளையாடியவை இல்லை.

இப்போது என் சொந்தக் காசில் கன்சோல் வாங்கி, செல்டா வரிசையில் லிங்க்ஸ் அவேக்கனிங் 2019 ரீமேக்கை நானே முதன்முறையாக விளையாடி முடித்தேன். மூலப் பதிப்பு 1993-ல் கேம் பாயில் வந்தது. (முடிவு தெரியாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) தூங்கும் காற்று மீனை எழுப்பினால் அந்தத் தீவே கனவாகிக் கலைந்துவிடும் என்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் அடுத்தடுத்த இசைக் கருவியைத் தேடிப் போகிறோம். தீவுப் பெண் மாரின் கடற்கரையில் உட்கார்ந்து, கடல் பறவையாகப் பறக்க வேண்டும் என்கிறாள். அண்ணன் விளையாடியபோது அந்த இடத்தில் நான் தூங்கிவிட்டேன் போல, நினைவே இல்லை. பெரியவளாக அதைப் பார்த்தபோது, இனி எந்தக் கோயிலுக்கும் போகாமல் தீவிலேயே சுற்றிக்கொண்டிருக்கலாமா என்று நிஜமாகவே தோன்றியது.

சொல்ல வந்தது, ஏக்கம் இல்லாதவர்களுக்கும் இந்த கேம்கள் வேலை செய்கின்றன. இந்த கேம்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் குழந்தைப் பருவத்தின் கணக்கில் எழுதிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த கேம்கள் நன்றாகச் செய்யப்பட்டவை, அதற்கான பாராட்டு அவற்றுக்கு வர வேண்டாமா?

என் கேள்வி: டூம் ரைடர் தொடங்கலாம் என்றிருக்கிறேன். எனக்குப் பழைய கைப்பழக்கமே கிடையாது. எனக்கும் டேங்க் கண்ட்ரோல்தானா?

---

சேவ்பாயிண்ட்

இரண்டாவது_கண்ட்ரோலர், நீங்கள் கடைசியாகச் சொன்னதற்கு நூறு சதவீதம் ஆதரவு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 நல்ல உதாரணம். 1999-ல் வந்தது, 2019-ல் டெஃபினிட்டிவ் பதிப்பு, 2022-ல் சேர்ந்த தொகுப்பில் ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளே ஒரு தனி ஆட்டத் தொடராக வந்துவிட்டது. 1999-ல் பிறக்காத பிள்ளைகள் அதில் என்னைப் புரட்டி எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது பழைய கேமே கிடையாது.

மெமரிகார்டு_எட்டு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாம் எந்த விதிகளோடு விளையாடுவது என்று வாதாடுகிறோம். பல கேம்களுக்கு விளையாடவே வழியில்லை. 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. அதே வருடம் மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ இரண்டின் ஆன்லைன் கடைகளும் மூடப்பட்டன. இந்த நிலையில் ரீவைண்டோடு வந்தாலும் சரி, மாடர்ன் கண்ட்ரோலோடு வந்தாலும் சரி, ஒரு கேம் மறுபடி வெளியே வருகிறது என்றால் நான் வாங்கிவிடுவேன். அதைச் செய்பவர்கள் பழைய முறையையும் ஒரு தேர்வாக உள்ளே வைக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். இந்த இடத்தில் நானும் பழைய_கார்ட்ரிட்ஜும் ஒன்றாகவே நிற்கிறோம் என்று நினைக்கிறேன்.

---

பழைய_கார்ட்ரிட்ஜ்

ஆமாம், தேர்வாக இருக்க வேண்டும் என்பதில் ஒன்றாகவே நிற்கிறோம். ரீவைண்ட் விஷயத்தில் இன்னும் எதிரெதிரேதான்.

வரிசைகள் மாறுவதைப் பற்றி யாரும் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் ப்ரெத் ஆஃப் த வைல்ட் வந்தபோது எனக்கு முதலில் கோபம். உடையும் வாள்கள், பழைய மாதிரிப் புதிர்க் கோயில்கள் இல்லை, ஒரு புதிய கருவி கிடைத்ததும் பழைய பூட்டுகள் எல்லாம் திறக்கும் அந்தச் சந்தோஷம் இல்லை. அது எனக்கான செல்டாவாகப் படவில்லை. ஆனால் 1986-ன் முதல் செல்டாவை எடுத்துப் பாருங்கள். ஒரு திறந்த வெளியில் இறக்கிவிட்டு, எங்கே போவது என்று சொல்லாமல் விட்டுவிடும். நான் 'உண்மையான செல்டா' என்று பிடித்துக்கொண்டிருந்தது, நடுவில் என் வயதுக்கு வந்து சேர்ந்த ஒரு கட்டம். இன்றைக்குப் பத்து வயதாகும் ஒரு பிள்ளைக்கு ப்ரெத் ஆஃப் த வைல்ட்தான் தொடக்கம். அந்தப் பிள்ளை முப்பது வயதில் உடையும் வாளுக்காக ஏங்கும். எனக்கு இப்போதும் கோயில்கள்தான் பிடிக்கும், ஆனால் கோபம் போய்விட்டது.

இரண்டாவது_கண்ட்ரோலர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். டேங்கிலேயே தொடங்குங்கள். பழைய பழக்கம் இல்லாததைவிட, மாடர்னில் பழகிய பிறகு மாறுவதுதான் கஷ்டம். முதல் லெவலுக்குள் நுழையாதீர்கள். தொடக்க மெனுவில் லாராவின் வீடு இருக்கும், அங்கே போய்ப் பயிற்சி எடுங்கள். நடப்பது, விளிம்பில் நிற்பது, பின்னால் குதிப்பது, ஓடித் தாவுவது இந்த நான்கும் யோசிக்காமல் வர வேண்டும். ஓடத் தொடங்கிய உடனேயே தாவும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், விளிம்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். காற்றில் இருக்கும்போது பிடிக்கும் பொத்தானை விடவே கூடாது. புதிய கிராஃபிக்ஸில் சில மூலைகள் ரொம்ப இருட்டாக இருக்கும். ஒரு பொத்தானில் பழைய கிராஃபிக்ஸுக்கு மாறிப் பார்த்தால் சாவியோ நெம்புகோலோ தெரிந்துவிடும். சுவரில் விரிசல் கண்டுபிடிப்பவர் என்றீர்களே, இந்த கேமுக்கு வேண்டிய முக்கியத் தகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

---

இரண்டாவது_கண்ட்ரோலர்

நன்றி. வீட்டுப் பயிற்சி முடிந்து குகைக்குள் போயாகிவிட்டது. பின்னால் குதிப்பது, ஓடித் தாவுவது இரண்டும் வருகிறது, பிடிப்பதுதான் இன்னும் சறுக்குகிறது. ஓநாய்கள் வரும்போது தாவிக்கொண்டே சுடலாமா, இல்லை ஓரிடத்தில் நிற்க வேண்டுமா?

---

பழைய_கார்ட்ரிட்ஜ்

தாவிக்கொண்டே சுடுங்கள். துப்பாக்கியை எடுத்துவிட்டால் குறி தானாக விழும், நீங்கள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பக்கவாட்டில் தாவுவது நல்லது, பின்பக்கம் சுவர் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். உயரமான ஒரு பாறை மேல் ஏறி நின்றுவிட்டால் ஓநாய்களால் ஏற முடியாது. அங்கிருந்து நிதானமாகச் சுடலாம். கரடிக்கும் அதே வழிதான். மருந்துப் பெட்டிகளை இப்போதே செலவழிக்காதீர்கள், மூன்றாவது லெவலில் தேவைப்படும்.